சுடுகாட்டுக்குப் போன செல்போன்

கிஷோர் நின்றுவிட்டான். நடக்கும் சத்தம் நிற்கவில்லை.

செல்போனைத் தண்ணீர் கேன்மேல் சாய்த்து வைத்துவிட்டு, காய்ந்த துணிகளை மடித்தபடி தம்பியிடம் பேசிக்கொண்டிருந்த சுவேதா, கையிலிருந்த துண்டை மடியில் போட்டுக்கொண்டு காதுகொடுத்துக் கேட்டாள். மாடி வீட்டு டிவியில் ஒரு மருமகள் அழுதுகொண்டிருந்தாள், கழிவுநீர்க் குழாய்க்காகத் தெருவில் தோண்டிப் போட்ட பள்ளத்தில் மழைத்தண்ணீர் தேங்கி அதில் தவளைகள் கத்திக்கொண்டிருந்தன, சமையலறையில் மூடாத குழாய் சொட்டிக்கொண்டிருந்தது. இத்தனைக்கும் அடியில், ஜப்பானிலிருந்து, சிமெண்டுத் தரையில் எதையோ தேய்த்து இழுப்பதுபோல ஒரு சத்தம் வந்தது. சர்ர். கொஞ்சம் விட்டு இன்னொரு சர்ர். பிறகு அதுவும் நின்றது.

"இன்னாடா சத்தம் அது?"

"எது?"

"யாரோ நடக்குற மாரி கீது."

"நான்தான் நடந்துகினு கீறேன்."

"நீ நின்னுட்டியே."

கிஷோர் மறுபடி நடக்க ஆரம்பித்தான். கழுத்துவரை ஜிப் போட்ட ஜாக்கெட், குளிரில் சிவந்த மூக்கு, வாயைத் திறந்தால் வெளியே வரும் வெள்ளைப் புகை. அவன் முகத்துக்குப் பின்னால் தெருவிளக்குகள் ஒன்றன்பின் ஒன்றாகப் போய் எங்கேயோ இருட்டில் முடிந்தன. சரி, நெட்வொர்க் கோளாறு என்று சுவேதா நினைத்துக்கொண்டாள். அத்தனை கடல் தாண்டி வருகிற சத்தம் முன்னே பின்னே வரத்தான் செய்யும்.

அங்கே நள்ளிரவு தாண்டிவிட்டது. இங்கே கள்ளிக்குப்பத்தில் தெருமுனை தோசைக்கடை இன்னும் மூடவில்லை. கிஷோர் படிப்பது டோக்கியோவுக்கு வெளியே ஒரு மொழிப்பள்ளியில், மாலையில் வேலை செய்வது சாப்பாட்டு டப்பா அடைக்கிற ஒரு கம்பெனியில். டிசம்பர் வந்தால் அந்த ஊரில் வேலையிடத்தில் எல்லாரும் கூடிக் குடித்து, போகிற வருஷத்தை மறந்துவிட வேண்டுமாம். வழக்கமாம். அதற்குத்தான் போயிருந்தான். கூட வந்த நேபாளிப் பையன் பாட்டுப் பாடலாம் என்று இன்னொரு கடைக்கு இழுத்துப் போக, கடைசி ரயில் போய்விட்டது. டாக்ஸிக்கு வழியில்லை. ஆற்றங்கரை ஓரமாக இரண்டு ஸ்டேஷன் தூரம் நடந்தால் ரூம் வந்துவிடும்.

இதையெல்லாம் அவன் சொன்னபோது சுவேதாவுக்கு வயிறு எரிந்தது. அப்பா செத்த வருஷத்தை மறப்பதற்குக் குடித்துவிட்டு வருகிறான். வாய்வரை வந்ததை விழுங்கிக்கொண்டாள். ஏனென்றால் தானாக போன் பண்ணுகிற ஜாதி இல்லை கிஷோர். அம்மா நாலு முறை கூப்பிட்டால் ஒரு முறை எடுப்பான், அதுவும் "வேலைல கீறேன், அப்புறம் பேசறேன்" என்பதற்கு. இன்று அவனே கூப்பிட்டான். எடுத்ததும் முதலில் சொன்னது, "ரூம் போற வரைக்கும் கட் பண்ணாதக்கா."

"அம்மா எங்க?" என்று இப்போது கேட்டான்.

"மாத்திரை போட்டுகினு தூங்குது. எழுப்பவா?"

"வேணாம்." கொஞ்ச தூரம் நடந்தான். "அக்கா, என் பின்னாடி யாராவது வராங்களா பாரு."

"நீயே திரும்பிப் பாரேன்டா."

"நீ பாரு. சொல்றத செய்."

குரலில் ஒரு நடுக்கம். குடித்தவன் நடுக்கம் இல்லை. சுவேதா போனைக் கையில் எடுத்து முகத்துக்குக் கிட்டே கொண்டுவந்தாள். ஒரு பக்கம் ஆற்றின் கரைமேடு, மறுபக்கம் கதவடைத்த சின்னச் சின்ன வீடுகள், நடுவே காசு போட்டால் காபி தரும் இயந்திரம் ஒன்று ஆளில்லாத தெருவில் தனியாக எரிந்துகொண்டு நின்றது. ஒரு நாய்கூட இல்லை. நாயில்லாத தெருவை அவள் வாழ்நாளில் பார்த்ததில்லை.

"ஒருத்தரும் இல்ல."

"நல்லா பாத்தியா?"

"பாத்துட்டேன்டா. எதுக்கு இப்படி பயப்படுற?"

அவன் உதட்டைக் கடித்தான். எதையோ சொல்லலாமா வேண்டாமா என்று யோசிக்கும்போது சின்ன வயதிலிருந்தே அவன் அப்படித்தான் செய்வான். "அன்னிக்கு, அப்பாவ எடுத்தாங்களே," என்று ஆரம்பித்தான். "அன்னிக்கு சித்தப்பா போன கட் பண்ணல."

சுவேதா மடியிலிருந்த துண்டைத் தள்ளி வைத்தாள்.

வேம்புலி, அவர்கள் அப்பா, தொழிற்பேட்டையில் தகடு அழுத்தும் பிரஸ் ஷாப்பில் உழைத்தவர். சர்க்கரை சிறுநீரகத்தைத் தின்று, டயாலிசிஸ் என்று ஆனபிறகு அவரை ஷேர் ஆட்டோவில் ஏற்றி இறக்கியவள் சுவேதா. கூரியர் ஆபீஸில் லீவு சொல்லி லீவு சொல்லி, மானேஜர் முகத்தில் முழிக்க முடியாமல் போனவள் சுவேதா. மலம் அள்ளியவள், வாந்தி துடைத்தவள், ராத்திரி கால் பிடித்தவள், எல்லாம் அவள்தான். ஆஸ்பத்திரியில் பக்கத்து பெட்காரர் "யார் இந்தப் பொண்ணு?" என்று கேட்டால் அப்பா, "எம் புள்ள ஜப்பான்ல கீறான்" என்று பதில் சொல்லுவார். கேட்டது என்ன, சொன்னது என்ன. ஆனால் அப்படிச் சொல்லும்போது அந்த முகத்தில் வருகிற வெளிச்சம் இருக்கிறதே, அதற்காக அவள் பேசாமல் இருந்துவிடுவாள்.

அவர் போனபோது கிஷோர் வரவில்லை. பரீட்சை என்றான், விசா சிக்கலாகும் என்றான். எது நிஜமோ. "நான் கொள்ளி வைக்கிறேன்" என்று சுவேதா கேட்டாள். சித்தப்பா ஜெகதீசன், "பொம்பளப் புள்ள சுடுகாட்டுக்கு வரக்கூடாதும்மா" என்று அவள் தலையைத் தடவிக் கொடுத்தார். தன் மகன் கௌதமுக்கு மொட்டை போட்டுக் கொள்ளிச்சட்டி எடுக்கச் சொன்னார். அதோடு விட்டாரா. "பெத்த புள்ள கண்ணால பாக்கட்டும்" என்று சுவேதாவின் செல்போனை வாங்கி, கிஷோரை வீடியோ காலில் போட்டு, அதைத் தூக்கிக்கொண்டு பாடைக்கு முன்னால் நடந்தார். எரிமேடையில் செல்போனைக் கொள்ளிக்கட்டையில் ஒருமுறை தொட்டு எடுத்தாராம். அப்படிச் செய்தால் மகனே கொள்ளி வைத்த கணக்காம். கௌதம் வந்து சொன்னான்.

செல்போன் போகலாம். மகள் போகக்கூடாது.

போய்வந்த ஆண்கள் எல்லாரும் தலைமுழுகிவிட்டுத்தான் வீட்டுக்குள் வந்தார்கள். செல்போன் மட்டும் முழுகாமல் வந்தது. அந்த செல்போன்தான் இப்போது அவள் கையில் இருந்தது.

"கட் பண்ணலன்னா?" என்றாள்.

"கௌதம் முதுகுப் பக்கமா கொள்ளி வெச்சான்ல. வெச்சதும் எல்லாரையும், திரும்பிப் பாக்காம நடங்கன்னு சொன்னாங்க. அவங்க யாரும் திரும்பிப் பாக்கல. சித்தப்பா போன கையில தொங்கப் போட்டுகினு நடந்தாரு. கேமரா பின்னாடி பாத்துகினு இருந்துது."

"நீ கட் பண்ண வேண்டியதுதான."

"முடியலக்கா. அப்பாவ கடைசியா பாக்குறேன்னு நெனச்சேன்."

கொள்ளி வைத்த மகன் திரும்பிப் பார்க்கக்கூடாது. ஏன் என்று யாரும் சொல்லித் தந்ததில்லை; யாரும் கேட்டதுமில்லை. திரும்பிப் பார்த்தால் போனவருக்குப் போக மனசு வராது என்பார்கள். அதைப் பார்ப்பதற்கென்று இவர்களே ஒரு கண்ணைக் கையில் தூக்கிக்கொண்டு போயிருக்கிறார்கள்.

"இன்னா பாத்த?"

"அப்பா எழுந்து உக்காந்தாரு."

"அது சூட்டுல நரம்பு இழுக்கும்டா. எல்லாருக்கும் அப்படித்தான். வெட்டியான் தடியால அடிச்சுப் படுக்க வெப்பான்."

"எறங்கினாருக்கா."

மாடி வீட்டில் டிவியை யாரோ நிறுத்தினார்கள். திடீரென்று சுவேதாவுக்குத் தன் வீடு மிகவும் பெரியதாகிவிட்டது போலிருந்தது.

"எறங்கி நடந்து வந்தாரு. அவங்க பின்னாடி. அவங்கள பாக்கல. போனத்தான் பாத்துகினு வந்தாரு. என்னத்தான்." கிஷோரின் மூச்சு கேமராவை மங்கலாக்கியது. "நான் யாருக்கும் சொல்லல. ரூம்ல படுத்தா வெளிய இரும்புப் படியில சத்தம் வரும். கம்பெனில பெல்ட் ஓடும்போது அந்தப் பக்கம் நிக்கிற மாரி இருக்கும். வேலைக்கு கூட்டத்தோட போவேன், கூட்டத்தோட வருவேன். இன்னிக்குத்தான் தனியா மாட்டிகினேன்."

சுவேதா ஆறுதலாக ஏதாவது சொல்ல வாயைத் திறந்தாள். அப்போது அவன் தோளுக்குப் பின்னால், வெகு தூரத்தில், கடைசித் தெருவிளக்கின் கீழே, வெள்ளையாக ஒன்று தெரிந்தது.

முதலில் அதைக் காகிதம் என்று நினைத்தாள். காற்றில் கிடக்கும் பிளாஸ்டிக் என்று நினைத்தாள். அது அந்த விளக்கிலிருந்து அடுத்த விளக்குக்கு வந்தது. வேட்டி. அந்த ஊர்க் குளிரில், மேலே துணியில்லாமல், வேட்டி மட்டும் கட்டிய ஓர் ஆள். காலைத் தூக்கி வைக்காமல், இரண்டு காலையும் ஒன்றாகச் சேர்த்து, கொஞ்சம் கொஞ்சமாகத் தேய்த்துத் தேய்த்து.

சர்ர்.

அந்த நடை ஏன் அப்படி இருக்கிறது என்று அவளுக்குத் தெரிந்தது. அம்மாவின் பழைய புடவைக் கரையைக் கிழித்து, அப்பாவின் கால் கட்டைவிரல் இரண்டையும் சேர்த்துக் கட்டியவள் அவள்தான். கட்டையில் வைக்குமுன் அதை அறுத்துவிட வேண்டும். வீடியோவில் முகம் தெரிகிறதா, வெளிச்சம் போதுமா என்று போனைப் பார்த்துக்கொண்டு நின்ற கூட்டத்தில் யாரும் அதை அறுக்கவில்லை.

"அக்கா. இன்னா பாக்குற?"

"ஒண்ணும் இல்ல."

"உன் மூஞ்சி மாறிப் போச்சு."

"ஒண்ணும் இல்லன்னு சொல்றேன்ல. நட. வேகமா நட. இன்னா ஆனாலும் திரும்பிப் பாக்காத."

கிஷோரின் கண்கள் பெரிதாயின. நடந்தான். செல்போன் குலுங்கியது, விளக்கு, இருட்டு, விளக்கு, இருட்டு என்று தெரு அவன் தலைக்குப் பின்னால் ஆடியது. ஒவ்வொரு விளக்கிலும் அவள் பின்னால் தேடினாள். சில விளக்கில் இருந்தது. சில விளக்கில் இல்லை. இல்லாதபோதுதான் அதிகம் பயமாக இருந்தது.

அம்மாவை எழுப்பலாமா என்று உள்ளறையைப் பார்த்தாள். சாத்திய கதவு. வீட்டில் ஒரு வாசனை வந்தது. வரட்டி எரியும் புகை. கொசுவத்திதானே என்று மூலையைப் பார்த்தாள். கொசுவத்தி ஏற்றவேயில்லை.

"பேசிகினே இருக்கா."

"இன்னும் எவ்ளோ தூரம்?"

"ரயில்வே கேட் தாண்டினா ரூம்தான்."

அவள் பேசினாள். என்ன பேசினாள் என்று அவளுக்கே தெரியவில்லை. மழையில் தண்ணீர் வாசற்படி வரை வந்ததை, கௌதமுக்கு வேலை கிடைத்ததை, அம்மாவுக்குக் கண் ஆபரேஷன் என்று சொன்னதை. பேசப் பேச, அவளுக்குள் கேவலமான ஒரு நிம்மதி எட்டிப் பார்த்தது. இரண்டு வருஷம் அப்பாவைத் தூக்கிச் சுமந்தவள் அவள். இன்று அந்தப் பாரம் அவன் பின்னால் நடந்து வருகிறது. கொஞ்ச தூரம் அவனும் சுமக்கட்டுமே. இப்படி நினைத்த உடனே தன்னையே செருப்பால் அடித்துக்கொள்ளலாம் போலிருந்தது. தம்பியின் கீழுதடு சின்னப் பையன்போல நடுங்கிக்கொண்டிருந்தது. அவனுக்கு முதன்முதலில் சோறு ஊட்டியதும் இதே கைதான்.

ரயில்வே கேட் வந்தது. கிஷோர் தண்டவாளத்தைத் தாண்டி இந்தப் பக்கம் வந்தான்.

அவனுக்குப் பின்னால் மணி அடிக்க ஆரம்பித்தது.

டண். டண். டண். சிவப்பு விளக்குகள் மாறி மாறி எரிந்தன. தடுப்புக்கட்டை மெல்ல இறங்கியது.

"கடைசி ரயில் போய்டுச்சுன்னு சொன்னியே."

"போய்டுச்சு."

"அப்ப இது?"

"தெர்லக்கா."

தடுப்புக்கட்டைக்கு அந்தப் பக்கம் அவர் வந்து நின்றார். இப்போது முகவாய்க்கட்டு தெரிந்தது. நாடியிலிருந்து உச்சந்தலைக்குச் சுற்றிக் கட்டிய வெள்ளைத் துணி. சிவப்பு விளக்கு எரியும்போது தெரிந்தார். அணையும்போது மறைந்தார். ரயில் வரவில்லை. மணி அடித்துக்கொண்டே இருந்தது. தெரிந்தார். மறைந்தார். தெரிந்தார்.

மறைந்தார்.

அடுத்த சிவப்பில் கேட்டுக்கு அந்தப் பக்கம் யாரும் இல்லை. இந்தப் பக்கம் இருந்தார்.

"ஓடுடா."

கிஷோர் ஓடினான். திரையில் எல்லாம் கலங்கியது. மூச்சு. ஷூ சத்தம். மூச்சு. அதற்கு நடுவே, அவசரமே இல்லாமல், சர்ர். சர்ர். ஓடுகிறவனுக்கும் தேய்த்து நடக்கிறவருக்கும் இடையே தூரம் கூடவில்லை. குறைந்துகொண்டு வந்தது.

இரும்புப் படிகள். மாடி ரூமுக்கு வெளிப்பக்கமாக ஏறும் படிகள். கிஷோர் தடதடவென்று ஏறினான். மேலே வந்ததும் கதவில் முதுகைக் கொடுத்து நிற்கப் போனான்.

"திரும்பாத. கதவப் பாத்து நில்லு."

அவன் கதவைப் பார்த்து நின்றான். ஒரு கையில் போன், மறு கையில் சாவி. சாவி பூட்டில் ஏறவில்லை. விரல்கள் குளிரில் விறைத்திருந்தன. அவன் தலைக்கு மேலாக சுவேதாவுக்குப் படிக்கட்டின் மேல் விளிம்பு தெரிந்தது. அங்கே எதுவும் இல்லை. இன்னும் எதுவும் இல்லை. ஆனால் இரும்பில் சத்தம் ஏறி வந்தது.

"மெதுவா போடு. பதறாத. நான் பாத்துகினு கீறேன்."

சாவி உள்ளே போனது. அவன் திருப்பவில்லை.

"அக்கா."

"தெறந்து உள்ள போடா."

"அப்பா கடைசியா என்னப் பத்தி ஏதாவது சொன்னாரா?"

எல்லாரும் இதைத்தான் அவளிடம் கேட்டார்கள். அம்மா கேட்டாள், சித்தப்பா கேட்டார். எல்லாரிடமும் "ஒண்ணும் சொல்லல" என்றே அவள் சொல்லியிருந்தாள். அப்பாவின் அந்தக் கடைசிப் பேச்சு ஒன்றைத்தான் அவள் தனக்கென்று வைத்துக்கொண்டிருந்தாள்.

"ஒண்ணும் சொல்லல. உள்ள போ."

"என் மேல கோவமா போனாரா? அதான் வராரா? அத்த மட்டும் சொல்லு, போய்டறேன்."

கண்ணில் நீர் வழிந்துகொண்டிருந்தது அவனுக்கு. இல்லை என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் போதும். சுவேதாவுக்கு அந்த விடிகாலை ஞாபகம் வந்தது. ஸ்பூனால் அவர் உதட்டை நனைத்துக்கொண்டிருந்தவள் கையை அப்பா பிடித்தார். அவள் முகத்தை நேராகப் பார்த்துச் சிரித்தார். அத்தனை வருஷத்தில் அவளைப் பார்த்து அப்படிச் சிரித்ததில்லை. அவள் இத்தனை நாள் அடக்கி வைத்திருந்ததெல்லாம் ஒன்றாக எழும்பித் தொண்டைக்கு வந்தது. பாசத்தில் சொன்னாளா, ஆத்திரத்தில் சொன்னாளா என்று கேட்டால் அவளால் சொல்ல முடியாது.

"உன்னத்தான் கூப்ட்டாரு. என் கையப் புடிச்சுகினு, கிஷோரு, வந்துட்டியான்னு கேட்டாரு. நான் கிஷோர் இல்லப்பான்னு சொன்னேன். காதுல ஏறல. உன் கையப் புடிச்ச மாரியேதான் செத்தாரு. போதுமா?"

கிஷோரின் முகம் உடைந்தது.

"அப்பா" என்றான்.

திரும்பினான்.

செல்போன் எங்கோ இடித்துக்கொண்டு விழுந்தது. திரையில் கறுப்பு. இரும்பின் ஓசை. அதன்பின் ஓசை இல்லை. கால் கட் ஆகவில்லை. மேலே நொடிகள் ஓடிக்கொண்டிருந்தன. "கிஷோர்" என்றாள். "கிஷோர், டேய், பேசுடா" என்றாள்.

செல்போனை யாரோ எடுத்தார்கள்.

ஒரு நெற்றி. திரை முழுக்க நெற்றி. அப்பா வீடியோ காலில் எப்போதும் அப்படித்தான். போனை முகத்தோடு ஒட்டிப் பிடிப்பார், எவ்வளவு சொன்னாலும் தள்ளிப் பிடிக்க மாட்டார். சந்தனத்தில் பதித்த ஒற்றை ரூபாய் நாணயம் கருகிப் போயிருந்தது. அதைச் சுற்றித் தோல் வெடித்து உரிந்திருந்தது. நெற்றி மெல்ல ஆடியது. நடக்கிறார். அவர் தோளுக்குப் பின்னால் கிஷோர் நடந்து வந்தான். கண்கள் மூடியிருந்தன. அவன் கால்களும் இப்போது தரையைவிட்டு எழும்பவில்லை.

"யாரு, கிஷோரா?"

அம்மா தாட்சாயிணி உள்ளறை வாசலில் நின்றிருந்தாள். தூக்கக் கலக்கத்தில் புடவையை இழுத்துச் செருகிக்கொண்டு வந்து, சுவேதாவின் கையிலிருந்து போனை வாங்கினாள். பார்த்தாள். வெகுநேரம் பார்த்தாள். சுவேதா அவள் அலறுவாள் என்று காத்திருந்தாள்.

"இளச்சுப் போய்ட்டான் எம் புள்ள" என்றாள் அம்மா.

"அம்மா, குடும்மா அத."

"ஆப்டுட்டான் பாத்தியா. நான் கூப்ட்டா வரல, நீ கூப்ட்டா வரல. அவுரு போய் இட்டுகினு வராரு பாரு." அம்மாவின் கண்ணிலிருந்து நீர் இறங்கியது. முகம் சிரித்துக்கொண்டிருந்தது. "சார்ஜ் கம்மியா கீது. சார்ஜர் எடுத்தா. வழில கட் ஆயிடப் போவுது."

சுவேதா போய் சார்ஜரை எடுத்து வந்தாள். ஏன் எடுத்து வந்தாள் என்று தெரியவில்லை. அந்த வீட்டில் யார் எதைக் கேட்டாலும் எடுத்துக் கொடுத்தே பழகிய உடம்பு அது.

திரையில் அந்த ஊர் விளக்குகள் தேய்ந்தன. ஆற்றங்கரை இருட்டு. வெறும் இருட்டு. பிறகு வேறு ஏதோ மஞ்சள் விளக்கு. கிஷோரின் தலைக்குப் பின்னால் தோண்டிப் போட்ட மண்மேடு, அதைச் சுற்றிக் கட்டிய சிவப்பு ரிப்பன். தவளைச் சத்தம் போனிலிருந்து வந்தது. வெளியே தெருவில் தவளைகள் கத்துவதை நிறுத்தியிருந்தன. எங்கிருந்தோ எல்லா நாய்களும் ஒன்றாக ஊளையிட்டன.

"ரெண்டு பேருக்கும் சோறு கீதா?" என்றாள் அம்மா. "நாம அப்புறம் துன்னுக்கலாம்."

வாசலுக்கு வெளியே சத்தம் கேட்டது. சர்ர். கொஞ்சம் விட்டு, அதற்குக் கொஞ்சம் பின்னால், இன்னொரு சர்ர்.

அம்மா கதவுப் பக்கம் போனாள். சுவேதா ஓடிப்போய்த் தாழ்ப்பாளின்மேல் கையை வைத்து மறித்தாள்.

"தொறக்காதம்மா. அது அப்பா இல்ல. கிஷோர் இல்ல."

"இன்னாடி பேசுற. எம் புள்ள வெளிய நிக்கிறான். தள்ளு."

"அம்மா, சொன்னா கேளு."

"தள்ளுடி. எப்ப பாரு அவன் மேல உனக்கு பொறாமை."

சுவேதாவின் கை தானாகத் தளர்ந்தது. அம்மா போனை அவள் கையில் திணித்தாள், "புடி" என்று. தாழ்ப்பாளை நீக்கினாள். கதவை அகலத் திறந்து, முந்தானையை இழுத்துப் போர்த்திக்கொண்டு, ஆண்பிள்ளைகளுக்கு வழிவிட்டு ஒதுங்கிச் சுவரோடு நின்றாள்.

வாசலில் யாரும் இல்லை. தெருவில் யாரும் இல்லை. வரட்டிப் புகை மட்டும் உள்ளே வந்தது.

சுவேதா ஹாலின் நடுவரை பின்வாங்கிப் போனைப் பார்த்தாள். நெற்றி இல்லை. கேமரா மறுபக்கம் மாறியிருந்தது. திரையில் ஒரு திறந்த கதவு, டியூப் லைட் வெளிச்சத்தில் ஒரு ஹால், மடித்தும் மடிக்காமலும் துணிகள், சுவரோரம் தலைகுனிந்து நிற்கும் அம்மா. ஹாலின் நடுவே, கையில் செல்போனோடு ஒரு பெண்.

சர்ர்.

திரையில் அந்தப் பெண் கொஞ்சம் பெரிதானாள்.

சர்ர்.

இன்னும் கொஞ்சம்.